புல்வெட்டியின் இடது பின்சக்கரம் இழுக்கவில்லை: கேபிளில் தொடங்கிப் பினியனில் முடிந்த பழுது

எங்கள் புல்வெட்டி இப்போது இரண்டு பின்சக்கரங்களாலும் ஒரே சீராக இழுக்கிறது. வீட்டு முன்புற மேட்டில் லீவரை அழுத்தினால் 40 கிலோ இயந்திரம் தானாக ஏறுகிறது, பின்னால் கை வைத்துக்கொண்டு நடந்தால் போதும். இந்த நிலைக்குக் கொண்டுவர வசந்தத்தில் தொடங்கிய வேலை கோடையின் நடுப்பகுதி வரை இழுத்தது. எந்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் ஒரு சனிக்கிழமை காலையில் முடிந்திருக்கும். இதே மாதிரி இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு அந்த வரிசை உதவும் என்பதால் அளவுகள், செலவு எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

நாங்கள் இருப்பது டொரன்டோவில் ஸ்கார்பரோ பக்கம். இங்கே ஏப்ரல் கடைசியில் பனி முழுக்கப் போனதும் புல் கிளம்பும். மே, ஜூன் மாதங்களில் அது வளர்கிற வேகம் அசாத்தியம். இந்தக் குளிர்தேசப் புல் வகைகள் ஜூலை வெயிலில்தான் கொஞ்சம் ஓய்கின்றன, செப்டம்பரில் மறுபடியும் எழும். புல் 20 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது நகர விதி. அதனால் மே மாதத்தில் புல்வெட்டி படுத்துவிட்டால் தள்ளிப்போட முடியாது.

இயந்திரம் பழையது. வீடு மாறிப் போனவரிடம் 150 டாலருக்கு வாங்கினேன். 21 அங்குல வெட்டு அகலம், 160 சிசி பெட்ரோல் இஞ்சின், பின்சக்கர இழுப்பு. கைப்பிடியில் இரண்டு லீவர். ஒன்றைப் பிடித்திருந்தால்தான் இஞ்சின் ஓடும், இன்னொன்றை அழுத்தினால் சக்கரம் இழுக்கும். இஞ்சினில் ஒரு குறையும் இல்லை, பெரும்பாலும் முதல் இழுப்பிலேயே உயிர் பிடிக்கும். பிரச்சினை இழுப்பில்தான்.

சமதளத்தில் ஒழுங்காகத்தான் போனது. மேட்டில் ஏறும்போது மட்டும் இடது பக்கமாகத் திரும்பப் பார்க்கும். நான் கைப்பிடியை வலது பக்கம் அழுத்தி நேர் செய்வேன். அப்புறம் இடது பின்சக்கரத்தின் பக்கத்திலிருந்து ‘கடக் கடக்’ என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஈரப்புல்லில் சத்தம் கூடியது. கடைசியில் மேட்டில் இழுப்பே இல்லை, நான்தான் தள்ள வேண்டியிருந்தது.

இப்போது யோசித்தால் அந்த இரண்டு அறிகுறிகளே போதும். வலது சக்கரம் தள்ளுகிறது, இடது சக்கரம் சும்மா வருகிறது, அதனால் வண்டி இடது பக்கம் திரும்புகிறது. ஆனால் நான் அங்கே போகவில்லை. இழுப்பு குறைந்தால் எல்லோரும் முதலில் சொல்வது கேபிளும் பெல்ட்டும். நானும் அந்த வழியில்தான் போனேன்.

கேபிள்

கைப்பிடியிலிருந்து இறங்கும் கேபிள் பின்னால் கியர்பெட்டியின் மேலிருக்கும் ஒரு சிறு கரத்தை இழுக்கிறது. நடுவே ஒரு சரிசெய்யும் நட் உண்டு. 10 மிமீ ஸ்பேனர் இரண்டு வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. லீவரை முழுக்க அழுத்தும்போது அந்தக் கரம் எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோல் வைத்துப் பார்த்தேன். 18 மிமீ நகர்ந்தது. நட்டைச் சில சுற்று இறுக்கியதும் 22 மிமீ ஆனது. ஓட்டிப் பார்த்தால் இழுப்பு கூடின மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். லீவரைத் தொடாமலே வண்டி மெல்ல நகர ஆரம்பித்தது.

இது ஆபத்தான நிலை. லீவரை விட்டவுடன் வண்டி நிற்க வேண்டும். மேட்டின் கீழே நடைபாதை, அதில் பிள்ளைகள் நடந்து போகிறார்கள். உடனே நட்டைத் தளர்த்தி, லீவரை விட்ட நிலையில் கேபிளில் லேசான தொய்வு இருக்கும்படி வைத்தேன். லீவர் பாதி தூரம் வந்ததும் இழுப்பு பிடிக்க வேண்டும், அதுதான் சரியான இடம். கேபிளின் உறை எங்கும் வெடிக்கவில்லை, உள்கம்பி தடையில்லாமல் போய்வந்தது. கேபிளில் குறை இல்லை என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

பெல்ட்

பெல்ட்டைப் பார்க்காமலேயே புதிதாக ஒன்றை வாங்கினேன், 38 டாலர். பார்த்துவிட்டு வாங்கியிருந்தால் அந்தப் பணம் மிச்சம்.

பெல்ட்டை மாற்ற வண்டியைச் சாய்த்துக் கத்தியைக் கழற்ற வேண்டும். இதில் கவனம் தேவைப்படும் விஷயங்கள் சில உண்டு. முதலில் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைப் பிடுங்கி, தானாகத் திரும்பிப் போய் ஒட்டாதபடி தூரத்தில் கட்டி வைக்க வேண்டும். கத்தியைக் கையால் சுற்றினால் இஞ்சினும் சுற்றும், பிளக் இணைந்திருந்தால் அந்த ஒரு சுற்றிலேயே பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அடுத்தது பெட்ரோல். டேங்க் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்தினேன். சாய்க்கும் பக்கமும் முக்கியம். கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் இஞ்சின் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கி, அடுத்த முறை ஸ்டார்ட் பண்ணும்போது தெருவெல்லாம் வெள்ளைப் புகை.

சாய்த்ததும் தெரிந்தது, அடிப்பக்கம் காய்ந்த புல் இரண்டு விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. மரக்கட்டையால் சுரண்டி எடுத்தேன். இரும்புக் கரண்டி வைத்தால் பெயின்ட் போய்த் துரு பிடிக்கும். கத்தி சுற்றாமல் இருக்க ஒரு மரத்துண்டைக் கத்திக்கும் தளத்தின் ஓரத்துக்கும் நடுவே முட்டுக்கொடுத்து, 14 மிமீ சாக்கெட்டால் போல்ட்டுகளைத் திறந்தேன். நீளமான கைப்பிடி உள்ள ரெஞ்ச் வேண்டும், குட்டை ரெஞ்சுக்கு அசையாது. அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் மூடி, அதன் உள்ளே பெல்ட். கியர்பெட்டியைப் பின்னோக்கி இழுத்துப் பெல்ட்டை விறைப்பாக வைத்திருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றினால் பெல்ட் கையோடு வந்துவிடும்.

பழைய பெல்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வெர்னியரால், அதாவது மில்லிமீட்டரின் பின்னம் வரை அளக்கும் கருவியால், அளந்தேன். மேல் அகலம் பழையது 9.3 மிமீ, புதியது 9.7 மிமீ. பழையதில் வெடிப்பு இல்லை, பக்கங்களில் கண்ணாடி மாதிரி மினுக்கம் இல்லை. கப்பியின் பள்ளத்தில் அது மேல்விளிம்போடு சமமாக உட்கார்ந்திருந்தது. தேய்ந்த பெல்ட் என்றால் பள்ளத்தின் அடி வரை இறங்கித் தரை தட்டும், பக்கவாட்டில் பிடி இருக்காது. இது அப்படி இல்லை. ஆனாலும் திறந்தது திறந்தாகிவிட்டதே என்று புதியதைப் போட்டேன். கத்தி போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் 40 அடி-பவுண்டுக்கு இறுக்கி மூடினேன். ஓட்டினால் அதே ‘கடக் கடக்’, அதே இடது பக்கத் திரும்பல்.

இந்தக் கட்டத்தில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போன் பண்ணினேன். சத்தத்தைச் சொன்னதும் கியர்பெட்டி போயிருக்கும் என்றார்கள். பெட்டி 220 டாலர், கூலி தனி. நான் வாங்கிய விலையைவிட அதிகம்.

நிறுத்தி வைத்துப் பின்னால் இழுப்பது

இரண்டு வீடு தள்ளி இருக்கும் அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடம் லேண்ட்ஸ்கேப்பிங் வேலை பார்த்தவர். டிரைவ்வேயில் நான் வண்டியைச் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். கடைக்காரர்கள் சொன்னதைச் சொன்னேன்.

“பெட்டியை விடுங்கோ தம்பி. இஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, லீவரைப் பிடிச்சுக்கொண்டு பின்னால இழுத்துப் பாருங்கோ. எந்தச் சில்லு சுத்துதெண்டு பாருங்கோ.”

நிமிர்த்தி வைத்து இழுத்தேன். வலது சக்கரம் பூட்டினது போல நின்று தாரில் உரசிக்கொண்டு வந்தது. இடது சக்கரம் ‘கடக் கடக்’ என்று சத்தத்தோடு சுற்றியது. லீவரை விட்டதும் இரண்டும் தாராளமாகச் சுற்றின.

ஒரு நிமிடச் சோதனை இது, ஒரு ஸ்பேனரும் வேண்டாம். லீவரை அழுத்தியதும் கியர்பெட்டி, பின்சக்கரங்களைச் சுற்றும் தண்டான ஆக்ஸிலோடு இணைகிறது. பெட்டிக்குள் இருக்கும் கியர்களை எதிர்த்து ஆக்ஸில் பின்னோக்கிச் சுற்ற முடியாது. ஆக, சக்கரமும் நிற்க வேண்டும். இரண்டு சக்கரமும் நின்றால் ஆக்ஸில் முனைகளும் சக்கரத்தின் உள்ளிருக்கும் பற்களும் நன்றாக இருக்கின்றன, குறை பெல்ட்டில் இருக்கலாம். இரண்டுமே சுற்றினால் கேபிளையோ கியர்பெட்டியையோ சந்தேகிக்கலாம். ஒன்று நின்று ஒன்று சுற்றினால் பெட்டியின் மேல் பழி போட வழியே இல்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே ஆக்ஸில். கோளாறு சுற்றுகிற சக்கரத்துக்கும் அந்த ஆக்ஸில் முனைக்கும் நடுவில்தான்.

இழுவிசை போகிற பாதையை அப்போதுதான் நிதானமாக மனதில் ஓட்டிப் பார்த்தேன்: இஞ்சின், பெல்ட், கியர்பெட்டி, ஆக்ஸில், கடைசியில் சக்கரத்தின் பற்கள். இஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்று சுற்றுகிறது. 8 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 64 செமீ போகும். மணிக்கு 5 கிலோமீட்டர் நடை வேகம் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 130 சுற்றுதான் சுற்ற வேண்டும். வழியில் வேகம் இருபதுக்கும் மேற்பட்ட மடங்கு குறைகிறது, அதற்கு ஏற்ப முறுக்குவிசை கூடுகிறது. பெல்ட்டில் விசை குறைவு. கடைசிக் கண்ணியான சக்கரப் பல்லில்தான் அது உச்சம். அந்த இடம்தான் தரைக்கு மிக அருகில், மண்ணும் ஈரப்புல்லும் நேராக அடிக்கிற இடம். விசையும் மண்ணும் சேரும் இடம் முதலில் தேயும். பெல்ட்டை நோக்கிப் போனபோது நான் பாதையின் தவறான முனையிலிருந்து தொடங்கியிருந்தேன்.

சக்கரத்தைக் கழற்றியதும்

பின்பக்கத்தை மரக்கட்டையில் தூக்கி வைத்தேன். உயரம் மாற்றும் லீவருக்குள் பலமான ஸ்பிரிங் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே பள்ளத்தில் இருக்கும்படி வைத்த பிறகே சக்கரத்தில் கை வைக்க வேண்டும். சக்கர போல்ட்டுக்கும் 14 மிமீதான். கழற்றுவதற்கு முன் சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டி, எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தேன். வலது 2 மிமீ, இடது 5 மிமீ. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டேனே தவிர, அதன் முக்கியத்துவம் பின்னால்தான் புரிந்தது.

சக்கரத்தின் உள்ளே வட்டமாகப் பற்கள். ஆக்ஸில் முனையில் ஒரு சிறிய பினியன் கியர் அந்தப் பற்களைப் பிடித்துத் தள்ளுகிறது. பினியனை ஒரு ஈ-கிளிப்பும் (E வடிவச் சிறு பூட்டு வளையம்) வாஷரும் பிடித்து வைத்திருக்கின்றன. ஈ-கிளிப்பைச் சிறிய தட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பும்போது மேலே ஒரு துணியைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். அது தெறித்தால் புல்லுக்குள் போய்விடும், தேடிக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். பினியனை இழுத்தால் கூடவே ஒரு குட்டித் தகடு வரும், சுமார் 25 மிமீ நீளம். மெக்கானிக்குகள் இதைக் கீ என்பார்கள். ஆக்ஸிலில் உள்ள துளைக்குள் இது நழுவி நகரும். ஆக்ஸில் முன்னோக்கிச் சுற்றும்போது கீயின் ஓரம் பினியனின் உட்பக்கப் பள்ளத்தில் மாட்டி அதைத் தள்ளும். சக்கரம் ஆக்ஸிலைவிட வேகமாக ஓடினால் கீ வழுக்கி வழிவிடும். சைக்கிளின் பின்சக்கர ஃப்ரீவீல் செய்கிற வேலையைத்தான் இந்தக் குட்டித் தகடு செய்கிறது.

என் கையில் வந்த இடது கீயின் ஓரங்கள் உருண்டு போயிருந்தன. மாட்ட வேண்டிய கூர்மை இல்லை. பினியன் பற்கள் இன்னும் மோசம். உச்சியில் தடிமன் வலது பினியனில் 2.4 மிமீ, இடது பினியனில் 0.9 மிமீ. பல்லின் ஒரு முகம் மட்டும் தேய்ந்து ரம்பப் பல் மாதிரி சாய்ந்திருந்தது. சக்கரத்தின் உட்பற்களும் அதே பக்கம் சாய்ந்திருந்தன.

பெட்டி நன்றாக இருக்கிறதா என்பதையும் அப்போதே உறுதி செய்துகொண்டேன். இரண்டு சக்கரமும் கழன்றிருந்தன, இழுப்பு லீவரை ஒரு பிளாஸ்டிக் டையால் கட்டி அழுத்திய நிலையில் வைத்தேன். ஸ்பார்க் பிளக்கையே முழுதாகக் கழற்றிவிட்டு, தடித்த கையுறை போட்டுக் கத்தியைக் கையால் சுற்றினேன். ஆக்ஸிலின் இரண்டு முனைகளும் மெதுவாக, விட்டுவிடாமல் சுற்றின. 220 டாலர் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. 14 டாலர் கியருக்காக இந்தப் பெட்டியை, சொல்லப்போனால் இந்த வண்டியையே, தூக்கிப் போட்டிருப்பேன். குப்பை எடுக்கும் நாளில் தெருவோரத்தில் கிடக்கும் புல்வெட்டிகளைப் பார்த்தால் இப்போது மனது கேட்பதில்லை. அவற்றில் எத்தனை இந்த ஒரு பல்லுக்காக வந்து கிடக்கின்றனவோ.

பினியனை மட்டும் மாற்றியபோது

பினியன் ஒன்று 14 டாலர், கீ ஒன்று 4 டாலர், ஈ-கிளிப் ஒரு பொட்டலம் 3 டாலர். இரண்டு பக்கத்துக்கும் புதிதாக வாங்கினேன். சக்கரம் ஒன்று 32 டாலர். பற்கள் சாய்ந்திருந்தாலும் உயரம் மிச்சமிருக்கிறதே, புதுக் கியர் பிடித்துக்கொள்ளும் என்று சக்கரத்தை விட்டுவிட்டேன்.

இடதுக்கும் வலதுக்கும் பினியன் வேறு வேறு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும், உள்ளே பள்ளங்கள் எதிரெதிர்த் திசையில் சாய்ந்திருக்கும். பக்கம் மாறினால் முன்னே தள்ளும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளும், இழுப்பு மட்டும் வராது. இதை உறுதி செய்ய வழி சுலபம். லீவரைக் கட்டிவைத்த நிலையில் ஆக்ஸில் நிற்கும். சக்கரத்தை மாட்டும் முன் பினியனை விரலால் சுற்றிப் பாருங்கள். வண்டி முன்னே போகும் திசையில் ‘கிளிக் கிளிக்’ என்று தாராளமாகச் சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் இறுகிப் பிடிக்க வேண்டும். அப்படி இருந்தால் சக்கரத்தை மாட்டலாம்.

மாட்டி ஓட்டியதும் மேட்டில் நேராக ஏறியது. வேலை முடிந்தது என்றே நம்பினேன். ஜூன் பாதியில், மழைக்குப் பிறகு வெட்டும்போது இடது பக்கம் ஒரு உறுமல். அப்புறம் பழைய ‘கடக்’. திறந்து பார்த்தேன். புதுப் பினியனின் பற்களில் ஓரம் மட்டும் பளபளவென்று தேய்ந்து, உச்சி நொறுங்க ஆரம்பித்திருந்தது. சாய்ந்த பற்களோடு நேர்ப் பற்கள் முழு முகத்திலும் பொருந்தாது, முனையில் மட்டும் தொடும். மொத்த விசையும் அந்த மெல்லிய கோட்டில் விழுகிறது. அதோடு குறித்து வைத்திருந்த அந்த 5 மிமீ. சக்கரத்தின் நடுவில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் உள்வளையமான புஷ் தேய்ந்து சக்கரம் ஆடினால் பினியனுக்கும் உட்பல்லுக்கும் நடுவே உள்ள தூரம் ஒவ்வொரு சுற்றிலும் மாறும். தூரம் கூடும் நேரத்தில் விசை வந்தால் பல் தாண்டிக் குதிக்கும். பற்கள் தேய்ந்ததற்குக் காரணமே இந்த ஆட்டம்தான் என்பது என் முடிவு. காரணத்தை அப்படியே வைத்துவிட்டு விளைவை மட்டும் மாற்றியிருந்தேன்.

இரண்டு பின்சக்கரங்களும், இடது பக்கத்துக்கு இன்னொரு பினியனும் வாங்கினேன். புதுச் சக்கரத்தை மாட்டியதும் ஆட்டிப் பார்த்தால் 1 மிமீகூட இல்லை. பினியன் பல்லின் உச்சி 2.6 மிமீ. இதுதான் இனி ஒப்பிடுவதற்கான என் அடிப்படை எண். அதற்குப் பிறகு வந்த கடும் மழையிலும், நெடுநெடுவென்று வளர்ந்த புல்லிலும் ஒரு குறை வைக்கவில்லை.

கிரீஸ் பற்றி ஒரு வார்த்தை. பற்களுக்குக் கிரீஸ் பூச நான் விரும்பவில்லை. திறந்த இடத்தில் இருக்கும் பல்லில் கிரீஸ் இருந்தால் களிமண் துகளும் மணலும் ஒட்டிக்கொண்டு தேய்மானத்தைக் கூட்டும். எங்கள் பக்கத்து மண் அப்படிப்பட்டது, காய்ந்தால் தூள், நனைந்தால் பசை. ஆக்ஸில் முனையில் கீ நகரும் இடத்திலும், சக்கர போல்ட்டின் வழவழப்பான பகுதியிலும் மெல்லிய பூச்சு மட்டும் வைத்தேன். பற்களைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்து உலரவிட்டேன். பினியனுக்குப் பின்னால் உள்ள தூசு மூடி வலது பக்கம் வளைந்திருந்தது, அதை நிமிர்த்தி விளிம்பு சரியாக உட்காரும்படி வைத்தேன். அந்த மூடி ஒழுங்காக இல்லையென்றால் புதுப் பல்லுக்கும் ஆயுசு கிடையாது.

ஏன் இடது மட்டும்?

இது கொஞ்ச நாள் என்னைக் குடைந்தது. வலது பினியன் அதே வயதுடையது, ஆனால் நல்ல நிலையில் இருந்தது. விடை நான் புல் வெட்டும் விதத்தில் இருக்கிறது. வெட்டிய புல் வலது பக்கமாக வெளியே விழும் இயந்திரம் இது. வெட்டிய புல்லை வெட்டாத பகுதியில் கொட்டாமல் இருக்க, வெளிவிளிம்பில் தொடங்கி இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி உள்ளே வருவேன். எல்லாத் திருப்பமும் இடது திருப்பம். திருப்பத்தில் வெளிச்சக்கரம் வேகமாக ஓட வேண்டும், அதன் கீ வழுக்கி விடுதலையாகிவிடும். உள்சக்கரம்தான் மெதுவாகப் போகிறது, ஆக்ஸில் அதைத்தான் தள்ளும். ஒவ்வொரு திருப்பத்திலும் மொத்தச் சுமையும் இடது பினியனில். போதாததற்கு முன்புறத்து மேப்பிள் மரத்தைச் சுற்றி வருவதும் இடது பக்கமாகத்தான். வருடக்கணக்காக ஒரே தோளில் ஏற்றிய பாரம்.

இப்போது ஒரு வாரம் இடது சுற்று, மறு வாரம் வலது சுற்று. வலது சுற்றுக்குப் பையை மாட்டிக்கொள்கிறேன், புல் பைக்குள் போய்விடும். மரத்தைச் சுற்றும்போது இழுப்பு லீவரை விட்டுவிட்டுக் கையால் தள்ளுகிறேன், நாலைந்து அடிதான்.

செலவு

பெல்ட் 38, பினியன் மூன்று 42, கீ இரண்டு 8, சக்கரம் இரண்டு 64, ஈ-கிளிப் 3. மொத்தம் 155 டாலர். ஒன்டாரியோவின் 13 சதவீத வரியோடு 175.15. சரியான இடத்தில் தொடங்கி, பினியனையும் சக்கரத்தையும் ஒரே தடவையில் மாற்றியிருந்தால் 103 டாலர், வரியோடு 116.39. புது இயந்திரம் இதே தரத்தில் 600 டாலருக்குக் குறைவாக எனக்குக் கிடைக்கவில்லை. வெர்னியர் 25 டாலருக்கு முன்பே வாங்கி வைத்திருந்தேன். அது இல்லாமல் இந்த வேலையில் பாதி ஊகமாகப் போயிருக்கும்.

உதிரிபாகம் வாங்கும்போது இஞ்சின் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். தளத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும்தான் தேவை. ஒரே பெயரில் வெளியான இயந்திரங்களிலேயே வருடத்துக்கு வருடம் பினியனின் பல் எண்ணிக்கையும் கீயின் நீளமும் மாறுகின்றன. பழையதைக் கையில் எடுத்துப் போய் எண்ணிப் பார்ப்பது இன்னும் நல்லது.

அடுத்த முறை இழுப்பு குறைந்தால் வரிசை இப்படி: இஞ்சினை நிறுத்தி லீவரைப் பிடித்துப் பின்னால் இழுப்பேன். அப்புறம் சக்கரத்தின் ஆட்டத்தை அளப்பேன், 3 மிமீக்கு மேல் போனால் பற்கள் எப்படி இருந்தாலும் சக்கரத்தை மாற்றுவேன். கேபிளும் பெல்ட்டும் அதற்குப் பிறகு. பழைய பெல்ட்டைச் சுருட்டி வெயில் படாத இடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன், அவசரத்துக்கு அது தாராளமாகப் போதும். வலது பழைய பினியனும் ஒரு ஈ-கிளிப்போடு ஒரு டப்பாவில் இருக்கிறது. அக்டோபரில் கடைசி வெட்டு முடிந்து ஷெட்டில் ஏற்றும் முன் இரண்டு சக்கரத்தையும் கழற்றி மண்ணைத் துடைத்து, பல் உச்சியை மறுபடி அளந்து 2.6க்குப் பக்கத்தில் எழுதி வைக்கப் போகிறேன்.